சிவப்புப் பொட்டு வைத்த லென்ஸ்

அத்தியாயம் 14

ஐந்து நாளாக அந்தப் படம் மகள் ரோகிணியின் கைப்பேசியில் இருந்தது. ஐந்து நாளாக அமுதவள்ளி அதைச் சரியாகப் பார்க்காதவள் போல நடந்துகொண்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய கேமராக்கள் விற்கும் கடையொன்று இணையத்தில் போட்ட விளம்பரம் அது. ஜெர்மன் லென்ஸ், அறுபது வருஷத்துப் பழசு, விலை இரண்டாயிரத்து எழுநூறு வெள்ளி. லென்ஸின் அடி வளையத்தில் உளுந்து அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தவளே அமுதவள்ளிதான்.

லென்ஸைக் கேமராவில் பொருத்துவதற்கு அடையாளமாக அங்கே ஒரு சின்னச் சிவப்பு மணி பதித்திருக்கும். அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. ரோகிணிக்குக் காது குத்திய வாரம், கணவர் திருச்செல்வம் லென்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "வள்ளி, உன் நகப்பாலிஷ்ல ஒரு சொட்டு வையேன்." அவள் வைத்தாள். வட்டமாக வராமல் கொஞ்சம் நீண்டுவிட்டது. "பரவால்ல, நீ வச்சிக்கிற மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டியவர். வாரம் ஆறு நாள் கொள்கலன்களைத் தூக்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கேமரா மட்டும் லென்ஸ் இல்லாமல், காலி மைலோ டின்னுக்குள் கிடக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் அந்த லென்ஸ் காணாமல் போனது. இறந்தவரின் துணிமணிகள் அன்று பொழுது சாய்வதற்குள் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மூன்று மூட்டைகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய துணி விற்பவர்களிடம் கொடுத்தவர் திருச்செல்வத்தின் தம்பி கமலநாதன். அன்று இரவே லென்ஸைத் தேடிய ரோகிணி, "வேற யாரு வந்தா வீட்டுக்கு? சித்தப்பாதான்" என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அமுதவள்ளி அப்போது வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஏனென்றால், லென்ஸைக் கழற்றிக் கணவனின் பழுப்புநிறக் காற்சட்டைப் பைக்குள் திணித்து, மூட்டைக்கு முடிச்சுப் போட்டவள் அவளேதான்.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கமலநாதன் அழைத்தார். அமுதவள்ளி சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"அண்ணி, ஐயர்கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசம் அண்ணன் திதிக்குக் காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துருவாராம். வாழையில, காய்கறி எல்லாம் நான் லோரில கொண்டாந்துடுறேன். நீங்க பாசாருக்கு அலையாதீங்க."

"சரி தம்பி. வேல இல்லியா இன்னைக்கு?"

"தெலுக் பங்லிமா காராங் போயிட்டு இருக்கேன், ஃபேக்டரிக்கு. சரக்கு ஏத்தணும்." சற்றுத் தயங்கினார். "புள்ள இருக்கா?"

"இல்லன்னு சொல்லுங்கம்மா" என்றாள் ரோகிணி, அவர் காதில் விழும்படி.

அந்தப் பக்கம் லோரி கியர் மாறும் சத்தம் கேட்டது.

"சரி அண்ணி. பசியாறிட்டாளான்னு கேக்கத்தான். வைக்கிறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள் அமுதவள்ளி. "ஏன்டி, பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?"

"லென்ஸ வித்த காசுல வாழையில வாங்கிட்டு வராரு. வாங்கிட்டு வரட்டும்லா, நல்லா பச்சையா இருக்கும்."

"ரோகிணி!"

"நான் சொன்னது சொன்னதுதான்மா. வைகாசில என் கல்யாணத்துக்கு செமினில இருக்கிற மாமாவும் அத்தையும் தாரை வார்த்துக் குடுக்கட்டும். சித்தப்பா மணவறைப் பக்கமே வரக்கூடாது. குருகிட்டயும் மாப்பிள்ள வீட்டுலயும் சொல்லிட்டேன்."

அப்பா இல்லாத பெண்ணை, அப்பாவின் தம்பி மனைவியோடு நின்று தாரை வார்ப்பதுதான் முறை. அதற்காகக் கமலநாதனின் மனைவி உஷாராணி ஆறு மாதம் முன்பே பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள் என்பது அமுதவள்ளிக்குத் தெரியும். அந்தச் சேலையைக் கொண்டுவந்து காட்டியபோது, "நல்லா இருக்கு உஷா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"கெளம்புங்கம்மா. பத்து மணிக்கு வரேன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிருக்கேன்."

"அவ்வளவு காச குடுத்து ஒரு பழைய லென்ஸ வாங்கணுமாடி? பழுதா இருந்தா?"

"பாத்துட்டு முடிவு பண்ணலாம். பாக்கக்கூட வேணாங்கிறீங்களே, ஏன்?"

அமுதவள்ளி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். உள்ளே போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

*

கிள்ளானில் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. ரோகிணி கேமராவைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லென்ஸ் இருந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடி, ரப்பர் வளையம் போட்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற ஃபிலிம் நம்பர் இருபத்தேழுல நிக்குதும்மா. முப்பத்தாறுல இன்னும் ஒம்போது படம் இருக்கு. லென்ஸ் கெடைச்சிட்டா எடுத்து முடிச்சு, கழுவக் குடுத்துடலாம்."

"இப்பவே கழுவக் குடுத்தா என்ன?"

"ரோல் முடியாம வெளிய எடுக்கக்கூடாது. அப்பா எப்பவும் சொல்வாருல்ல? அவரு ரோல அவரு சொன்ன மாதிரியே முடிக்கணும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் மட்டும் வந்தது.

"கடைசி நாலு படம் நீங்க ஆஸ்பத்திரில எடுத்ததுதானே? நான்தான் அவ்ளோ தூரத்துல, கூச்சிங்ல மாட்டிக்கிட்டேன். வந்து எறங்குறப்ப பெட்டில இருந்தாரு. போன்ல ஒரு படம்கூட எடுக்க விடலன்னு சொன்னீங்க. அந்த நாலு படமாவது இருக்கே, அது போதும்மா. அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

அமுதவள்ளி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ரயில் ஷா ஆலாமைத் தாண்டியது.

அன்று மதியம் அவளுக்கு இப்போதும் அப்படியே கண்ணில் இருக்கிறது. இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். கைப்பேசியைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், அன்றைக்கு என்னவோ தாமாகவே கேட்டார்.

"வள்ளி, பையில என் கேமரா இருக்கு. எடு. இதுல ஒரு படம் புடி."

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"இருபது முடிஞ்சிருக்கு. நான் எல்லாம் வச்சுத்தான் இருக்கேன். கேமரா ஜன்னல்ல பாத்து அழுத்து, லீவர இழு. அவ்ளோதான்."

அவள் பார்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் அவர் தெளிவாகத் தெரிந்தார். தலையணையில் சாய்ந்து, நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு முறை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சத்தம். "போதும் வள்ளி. நல்லா வந்திருக்கும்" என்றார்.

கேமராவை மருந்து வைக்கும் அலமாரிமேல் வைத்துவிட்டு, முற்றத்தைக் கடந்து கேன்டீனுக்குப் போய் அவருக்கு மைலோ வாங்கி வந்தாள். திரும்பியபோது அவர் கண்ணயர்ந்திருந்தார். கேமரா போர்வைமேல் கிடந்தது. தாதி எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்து அதைப் பைக்குள் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் பையைத் திறந்தபோதுதான் பார்த்தாள். லென்ஸ்மேல் கறுப்பு மூடி. அந்த மூடியை அவள் கழற்றவே இல்லை. அப்படியொன்று இருப்பதையே அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை.

மூடியைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தில் என்ன இருக்கும்? நான்கும் இருட்டு. மகளுக்கென்று மிச்சமிருந்த அப்பாவின் கடைசி முகத்தை, அவள் கையாலேயே நான்கு முறை இருட்டாக்கிவிட்டாள்.

அவர் கழற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருந்ததால், பொத்தானை அழுத்தித் திருப்பியதும் லென்ஸ் கையோடு வந்துவிட்டது. அது அந்த மூடியோடு வீட்டில் இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது. அதற்காகக் கமலநாதன் பதினோரு மாதமாகத் தலைகுனிந்து நிற்கப்போகிறார் என்று நினைக்கவில்லை.

"கேஎல் சென்ட்ரல் வந்திருச்சும்மா."

*

கடை மாடியில் இருந்தது. கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. அங்கிருந்து பாட்டுச் சத்தம் படி வரைக்கும் வந்தது. உள்ளே குளிர்சாதனம் ஓடியது. கண்ணாடி அலமாரிகளில் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கடைக்காரர் முகமது ரஃபீக்குக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்கக்கா, உக்காருங்க. கிள்ளான்லேந்தா? காலைலயே ரயில்ல நின்னுக்கிட்டா வந்தீங்க?"

"உக்காந்துதான் வந்தோம் அண்ணே" என்றாள் ரோகிணி.

"அப்ப அதிர்ஷ்டம்தான். வெலையில கொஞ்சம் பாத்துப் போடுறேன்."

கறுப்புத் துணிமேல் லென்ஸை வைத்தார். பக்கத்தில் மூடியையும் வைத்தார். அமுதவள்ளியின் கண் முதலில் மூடிமேல்தான் போனது. பிறகுதான் பொட்டைப் பார்த்தாள். நீண்டு, ஓரம் கொஞ்சம் உரிந்திருந்தது.

ரோகிணி அதை விரல் நுனியால் தொட்டாள். "இதுதாம்மா. அப்பாவோடதுதான்."

ரஃபீக்கின் முகம் மாறியது. "அப்பாவோடதா? இது தெரியாமப் போச்சே தங்கச்சி." சின்ன டார்ச் விளக்கை எடுத்தார். "அப்ப ஒண்ணு ஒளிக்காமச் சொல்லிடுறேன். இங்க பாருங்க."

வெளிச்சத்தை லென்ஸின் பின்பக்கமிருந்து பாய்ச்சினார். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் ஓடியிருந்தன.

"ஃபங்கஸ். பூஞ்சணம். நம்ம ஊரு ஈரத்துக்கு மூணு மாசம் சும்மா வச்சாலே வந்துரும். கழுவலாம். ஆனா கண்ணாடிய அரிச்சிருந்தா வடு போகாது. படம் லேசாப் பொக மாதிரி வரும். வெளியாளா இருந்தா கம்மியாக் குடுத்து எடுத்துக்கன்னுவேன். நீங்க படம் புடிக்க வாங்குறதா இருந்தா யோசிச்சுக்குங்க."

மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஒன்று விடாமல் சேர்த்து, மைலோ டின்னில் இந்த லென்ஸைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் திருச்செல்வம். முப்பது வருஷம் ஒரு இழை வரவில்லை. அவள் தூக்கிப் போட்ட பதினோரு மாதத்தில் வந்துவிட்டது.

ஆனாலும் அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அதான் சொல்றாருல்ல ரோகிணி. கெட்டுப்போச்சு. வேணாம், வா போலாம்."

"பொகையா வந்தா வரட்டும்மா."

"நல்ல காசக் குடுத்துக் கெட்டுப்போனத வாங்குவாங்களா?"

"கெடுத்தது யாரு? சித்தப்பா." ரோகிணியின் குரல் உடைந்தது. "அண்ணே, ஒங்களுக்கு இத யாரு வித்தா? லோரி ஓட்டுறவரா? கொஞ்சம் உயரமா, நெத்தியில தழும்பு இருக்குமா?"

"லோரியா? இல்லியே." ரஃபீக் விழித்தார். "சாலாக் செலாத்தான்ல பழைய துணி விக்கிற வீரம்மாக்கா குடுத்தாங்க. ஒரு சிலுவார் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சாம். 'தம்பி, டார்ச்லைட்டுக் கண்ணாடி போல இருக்கு, பாரு'ன்னு கொண்டாந்தாங்க. அந்தக்காவ ஏமாத்தாம நல்ல வெலைதான் குடுத்தேன்."

"பாக்கெட்டுக்குள்ளயா?" ரோகிணி நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப வித்தவரு எதுக்கு அத பாக்கெட்ல..."

அமுதவள்ளி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ரஃபீக், பாவம், பேச்சை மாற்ற நினைத்தார். மூடியை எடுத்து லென்ஸில் அழுத்திக் காட்டினார்.

"மூடிகூட அதோடதுதான் தங்கச்சி, ஒரிஜினல். இந்தக் கேமராவுக்கு இந்த மூடிதான் எமன். மத்த கேமராவுல மூடி இருந்தா ஜன்னல்ல ஒண்ணும் தெரியாது. இதுல ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி போட்டிருந்தாலும் பளிச்சுன்னு தெரியும். என் தங்கச்சி கல்யாணத்துல நானே ஒரு ரோல் முழுக்க அப்படி எடுத்திருக்கேன்! எடுக்குறவனுக்குத் தெரியவே தெரியாதுக்கா. எதிர்ல நிக்கிறவங்கதான் பாத்துச் சொல்லணும், 'அண்ணே, மூடி, மூடி'ன்னு."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

எதிரில் நிற்பவர்.

அமுதவள்ளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எதிரில் இருந்தவர் அவர்தானே? முப்பது வருஷம் அந்தக் கேமராவைக் கழுத்தில் போட்டுத் திரிந்தவர். நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் கறுப்பு மூடி அவர் கண்ணுக்கா தெரியாமல் போயிருக்கும்?

தெரிந்தது. முதல் படத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் நான்கு முறை அவளை அழுத்தவிட்டு, நல்லா வந்திருக்கும் என்றார். தன் நோய் முகம் படத்தில் விழ வேண்டாம், அவள் ஆசையும் நிறைவேறட்டும் என்று நினைத்திருப்பார்.

"என்னம்மா? மயக்கமா வருதா?"

"சித்தப்பா எடுக்கலடி."

"என்ன?"

"நான்தான். நான்தான் கழட்டி, அப்பா சிலுவார்ல வச்சு மூட்டைல போட்டேன். கமலநாதனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு மூட்டையத்தான் தூக்குனாரு."

ரோகிணி அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அமுதவள்ளி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தோன்றியது. கட்டில், ஜன்னல், நான்கு முறை வந்த மெல்லிய சத்தம், பதினாறாம் நாள் பார்த்த மூடி, எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த நாலு படத்துல ஒண்ணும் இருக்காது ரோகிணி. நீ எதிர்பாத்துக்கிட்டே இருக்கியே, அதுல அப்பா இல்ல. நான் மூடியக் கழட்டல."

ரஃபீக் சத்தமில்லாமல் எழுந்து, உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார்.

ரோகிணி லென்ஸிலிருந்து மூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"படம் வராதது தப்பில்லம்மா. யாருக்கும் ஆகும். இப்ப அவரே சொன்னாருல்ல, அவருக்கே ஆயிருக்கு." கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆனா பதினோரு மாசம்மா. தீபாவளிக்கு சித்தப்பா வந்தப்ப நான் கதவத் தொறக்கல. முறுக்கு டின்ன வாசல்ல வச்சிட்டுப் போனாரு. நீங்க ஹால்லதானே உக்காந்திருந்தீங்க? பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"எப்படிம்மா முடிஞ்சது?"

 தன் கைப்பேசியை எடுத்துச் சித்தப்பாவை அழைத்தாள் ரோகிணி. மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். கைப்பேசியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

ரஃபீக் இரண்டு குவளைகளோடு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவசரமே இல்ல. நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. இத யாருக்கும் குடுக்காம எடுத்து வைக்கிறேன்."

"இல்ல. எடுத்துக்கிறோம்" என்றாள் அமுதவள்ளி.

"அக்கா, ஃபங்கஸ்..."

"நான் ஈரத்துல போட்டதுதானே? நானே எடுத்துக்கிறேன்."

ரஃபீக் தலையசைத்தார். ரோகிணியின் கேமராவை வாங்கி, ரப்பர் வளையத்தைக் கழற்றினார். லென்ஸின் சிவப்புப் பொட்டைக் கேமராவின் அடையாளத்துக்கு நேராக வைத்துத் திருப்பினார். சின்னதாக ஒரு சத்தம். பொருந்திக்கொண்டது.

"உள்ள ஃபிலிம் இருக்கா? இருபத்தேழு காட்டுதே."

"ஆமாண்ணே. அப்பா இருபத்திமூணு எடுத்தாரு. மிச்சம் நாலு, அம்மா எடுத்தது."

"இருபதுதான்" என்றாள் அமுதவள்ளி.

"என்னது?"

"இருபது முடிஞ்சிருக்குன்னு அப்பா சொன்னாரு. என் கையில குடுக்கும்போது இருபதுதான்."

ரோகிணி கேமராவைக் கையில் வாங்கி, அந்தச் சின்ன எண்ணையே பார்த்தாள். "நீங்க நாலுதானே அழுத்துனீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலுதான்டி. அத நான் மறப்பேனா?"

"நான் லீவரத் தொட்டதே இல்லம்மா. ஒரு தடவகூட." அவள் குரல் தாழ்ந்தது. "அப்ப இன்னும் மூணு இருக்கே. அது யாரு எடுத்தது?"

போர்வைமேல் கிடந்த கேமரா அமுதவள்ளியின் கண்முன் வந்தது. அதை அவள் அலமாரிமேல் அல்லவா வைத்துவிட்டுப் போனாள்? ஜன்னலோரக் கட்டில். கீழே முற்றம். மைலோ வாங்க அந்த முற்றத்தைத்தான் அவள் போகும்போதும் வரும்போதும் கடந்தாள். ஒரு தடவைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'சித்தப்பா' என்ற பெயர்.

ரோகிணி அதை எடுக்கவில்லை. அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. முதல்ல நீங்க சொல்லணும்."

அமுதவள்ளி கைப்பேசியைக் காதில் வைத்தாள். லோரியின் இரைச்சலுக்கு நடுவே, பதறிப்போன குரல்.

"ரோகிணிம்மா! புள்ள, கூப்டியா? சித்தப்பா ரோட்டோரமா நிறுத்திட்டேன், சொல்லு. என்னம்மா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"தம்பி, நான்தான்."

"அண்ணியா? புள்ள நம்பராச்சே. புள்ளைக்கு என்ன ஆச்சு அண்ணி?"

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் அமுதவள்ளி. மகளின் கையிலிருந்த லென்ஸின் சிவப்புப் பொட்டையே பார்த்தாள். "நீங்க எஞ்சின நிறுத்துங்க. நான் சொல்றது ஒங்களுக்கு நல்லாக் கேக்கணும்."